உடையாமல் எடுக்க வேண்டும்

ஜூலை 9, செவ்வாய்

இன்று நிர்மலாதேவி என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தாள். வழி முழுக்க இரண்டாவது கியர்.

பழனி ரோட்டில் அவளுக்கு டிரைவிங் பாடம் நடந்துகொண்டிருந்தது. பேங்கில் வேலை பார்க்கிறவள் அவள். கவுண்டருக்குப் பின்னால் புலி, ஸ்டியரிங்குக்குப் பின்னால் பூனை. பைபாஸ் பிரியும் இடத்தில் என் இடது அடிவயிற்றை யாரோ உள்ளேயிருந்து துணி பிழிவதுபோலப் பிழிந்தார்கள். என் பக்கத்து பிரேக்கை மிதித்தபடியே மடங்கிவிட்டேன். வண்டி நடுரோட்டில் நின்றது. பின்னால் தேங்காய் லாரிக்காரன் ஹாரனில் இருந்து கையை எடுக்கவில்லை.

"அக்கா, ஆட்டோ புடிக்கட்டுங்களா?"

"அப்பறம் வண்டிய ஆரு எடுக்கறது? எடு."

"எனக்கு மூணாவது கியரே வராதுங்க்கா."

"ரெண்டுலயே போ. கிளட்ச்சுல இருந்து காலை எடுத்துத் தொலை மொதல்ல."

உறுமிக்கொண்டே போனோம். சந்தை முக்கில் ஒரு மாடு எங்களை முந்தியது. வலியோடு சிரிக்கவும் செய்தேன்.

ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதும் பெண் கேட்டாள். பெயர் கோகிலவாணி. வயது முப்பத்தாறு. ஊர் உடுமலை. தொழில் டிரைவிங் ஸ்கூல்.

"வீட்டுக்காரர் தொழிலுங்களா?"

"என்ற தொழில். அவர் மோட்டார் காயில் கட்டறார்."

"எத்தன கொழந்தைங்க?"

"இல்ல."

அவள் பேனா கொஞ்சம் நின்று பிறகு நகர்ந்தது. நின்றால் நிற்கட்டும். அந்தப் பேச்சை நான் மூடி வைத்து நாலு வருஷம் ஆகிறது.

ஸ்கேன் எடுத்தார்கள். இடது சினைப்பையில் கட்டி. வலி தானாகவே அடங்கிவிட்டது. மாலைப் பாடத்துக்குத் திரும்பிவிட்டேன்.

ஜூலை 10, புதன்

டாக்டர் வரதராஜனைப் பார்த்தோம். ஊரில் பாதிப் பேர் அவர் கையில் பிறந்தவர்கள். நிதானமான மனிதர், குரலை உயர்த்தவே மாட்டார். சுவரில் சாவித்துவார ஆபரேஷன் படங்கள்.

"தண்ணிக் கட்டிம்மா. மூணு சின்ன ஓட்டை போடுவோம். ஊசி வெச்சுத் தண்ணிய உறிஞ்சிட்டா கட்டி சுருங்கிரும். அதோட தோலை ஓட்டை வழியா உருவிடலாம். அடுத்த நாள் வீடு. ஒரு வாரத்துல நீங்க வண்டில உக்காரலாம்."

எனக்குச் சந்தோஷம். இந்த மாதம் ஏழு பெண்களுக்கு டெஸ்ட் இருக்கிறது. அடுத்த வாரம் வியாழக்கிழமை என்று நாள் குறித்தோம். கூட வந்த என் வீட்டுக்காரர் கனகராஜ் "ம்" என்றார். அவர் எதற்கும் "ம்"தான்.

ஒன்றே ஒன்று மனதில் இடறுகிறது. நேற்று ஸ்கேன் எடுத்த டாக்டர் பெண், தாரகேஸ்வரி என்று பெயர், முதலில் வளவளவென்று பேசிக்கொண்டிருந்தாள். திடீரென்று பேச்சை நிறுத்தினாள். கருவியை ஒரே இடத்தில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வண்டி ஓட்டுகிறவர்கள் பேசிக்கொண்டே வந்து சட்டென்று மௌனமானால் ரோட்டில் எதையோ பார்த்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

ஜூலை 11, வியாழன்

நிர்மலாவுக்கு மூன்றாவது கியர் இன்றும் விழவில்லை.

ஜூலை 13, சனி

ஸ்கேன் படம் வாங்கப் போன சாக்கில் தாரகேஸ்வரியைத் தனியாகப் பிடித்தேன்.

"அன்னிக்கு எதையோ பாத்தீங்க. என்னன்னு சொல்லிருங்க. நான் அழுவ மாட்டேன்."

கதவைச் சாத்தினாள். கட்டி வெறும் தண்ணிப் பை இல்லையாம். உள்சுவரில் பூப்பூவாகச் சின்ன வளர்ச்சி இருக்கிறதாம். அதில் ரத்த ஓட்டமும் தெரிகிறதாம்.

"கேன்சருங்களா?"

"சொல்ல முடியாதுங்க்கா. இல்லாமலும் இருக்கலாம். ஆனா இதுன்னு தெரியறதுக்கு முன்னாடி யாரும் அதைக் குத்தக் கூடாது. உள்ளயே உடைஞ்சு சிந்துனா, கெட்ட செல்லு இருந்தா அது வயித்துக்குள்ள விதைச்ச மாதிரி ஆயிரும். சந்தேகமான கட்டிய உடைக்காம, ஒரு பைக்குள்ள போட்டு முழுசா எடுக்கணும். பையில போட்டு எடுப்பீங்களான்னு டாக்டர்கிட்டக் கேளுங்க. எம்.ஆர்.ஐ. எடுத்துட்டு கோயமுத்தூர்ல கேன்சர் ஆபரேஷன் பண்றவங்களப் பாருங்க." பிறகு மெதுவாக, "நான் சொன்னதாச் சொல்லிராதீங்க்கா" என்றாள்.

அழவில்லை. திரும்பும்போது ஸ்கூட்டரில் பெட்ரோல் போட மறந்து பாதி வழி தள்ளிக்கொண்டு வந்தேன். அது மறதி, அவ்வளவுதான்.

ஜூலை 15, திங்கள்

வரதராஜன் சாரிடம் இன்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

"கட்டிக்குள்ள வளர்ச்சி இருக்குதுன்னு ஸ்கேன் ரிப்போர்ட்டுல எழுதியிருக்குதுங்களே சார்."

"படிச்சேன். உங்க வயசுல பெரும்பாலும் சாதாக் கட்டிதாம்மா."

"அந்தப் பெரும்பாலும்கறதுல நான் இல்லாமப் போயிட்டா?"

சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

"ஊசி வெச்சு உறிஞ்சறப்ப உள்ள சிந்துனா என்னங்க பண்ணுவீங்க?"

"தண்ணி விட்டு நல்லாக் கழுவிருவோம்."

"கழுவுனா எல்லாமே போயிருங்களா?"

கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "யாரும்மா இதெல்லாம் சொல்லிக் குடுத்தது?"

"நானாத்தான் ரோசன பண்ணுனேன். பையில போட்டு முழுசா எடுப்பீங்களா சார்?"

"எல்லாக் கட்டிக்கும் பை வேண்டியதில்ல. சந்தேகமா இருந்தா அப்பப் பாத்துக்கலாம்."

"சந்தேகம்னுதானுங்க எழுதியிருக்குது."

அவருக்குக் கோபம் வரவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். ஆயிரக்கணக்கில் செய்தவர், பொறுமையாகப் பார்த்தார். பாவம், பயந்துவிட்டாள் என்கிற பார்வை. வியாழக்கிழமை வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்தேன். கனகராஜ் எனக்குப் பின்னால் எழுந்து அவருக்கு ஒரு கும்பிடு போட்டார். எதற்குக் கும்பிடு?

மாலையில் நங்கையா வந்துவிட்டார். கனகராஜின் அக்கா ருக்குமணி, என் நாத்தனார். அம்மா போனபிறகு தம்பியை வளர்த்து ஆளாக்கியவர். அடுத்த வீதியில் இருந்தாலும் எங்கள் வீட்டுக் குக்கர் விசில் அவர் கணக்குப்படிதான் அடிக்க வேண்டும்.

"எம்பட பொண்ணுக்கு ரெண்டு பிரசவமும் அவருதான் பாத்தாரு. அவருகிட்டயே போயிக் கேள்வி கேட்டுப்போட்டு வந்திருக்கற. நாளைக்கு எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு நாங்க அங்க போறது?"

"போவ வேண்டாமுங் நங்கையா. நானும் போவல."

"கோயமுத்தூருக்குக் கேன்சர் ஆசுபத்திரிக்குப் போனா ஊரு என்ன பேசும்?"

"பேசட்டும். எனக்குப் பதிலா அவுங்க படுத்துக்கப் போறதில்லையே."

கனகராஜ் சட்டையில் ஒட்டியிருந்த செம்புக் கம்பித் துணுக்குகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். பத்து வருஷத்தில் அக்காவுக்கு எதிராக அவர் ஒரு சொல் சொல்லிக் கேட்டதில்லை. இன்றும் கேட்கவில்லை.

ஜூலை 18, வியாழன்

ஆபரேஷன் நடந்திருக்க வேண்டிய நாள். நான்கு பாடம் எடுத்தேன். சாயங்காலம் வண்டியை நானே கழுவினேன்.

ஜூலை 20, சனி

பொள்ளாச்சியில் எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் தள்ளிவிட்டார்கள். பயமில்லை, சத்தம்தான் அதிகம். வெளியே வந்தால் கனகராஜ் என் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார். கீழே வைக்க இடமா இல்லை என்று கேட்டேன். "ம்" என்றார்.

ஜூலை 23, செவ்வாய்

கோயமுத்தூர். டாக்டர் மெஹ்ருன்னிசா. குள்ளமான பெண்மணி, ஐம்பது இருக்கும். கையில் வளையல் இல்லை, நகம் ஒட்ட வெட்டியிருந்தார். கேன்சர் ஆபரேஷன் மட்டும்தான் செய்கிறவர்.

காத்திருந்த இடத்தில் எங்களுக்கு எதிரே ஒரு குழந்தை தவழ்ந்துகொண்டிருந்தது. நான் கவனிக்கவில்லை. நீலச் சட்டை, ஒரு காலில் மட்டும் கொலுசு. நாற்காலிக் காலைப் பிடித்து எழுந்து எழுந்து விழுந்தது.

டாக்டர் படத்தை வெளிச்சத்தில் வைத்து நீண்ட நேரம் பார்த்தார். சுற்றி வளைக்கவில்லை.

"கேன்சரா இருக்க நல்ல வாய்ப்பு இருக்கு. ஆனா இதுவரைக்கும் அது ஒரு உறைக்குள்ள மூடிக்கிட்டு இருக்கற மாதிரிதான் தெரியுது. அப்படியே முழுசா வெளிய எடுத்துட்டா பெரும்பாலும் அதோட முடிஞ்சிரும். நான் எடுக்கறப்ப உள்ள உடைஞ்சா, நோய் அதே நோய்தான், ஆனா ஒரு படி மேல போயிரும். அப்புறம் கீமோதெரபி குடுக்க வேண்டி வரலாம். அதனால என் வேலையே அதை உடைக்காம எடுக்கறதுதான்."

"ஓட்டை போட்டா, வெட்டியா?"

"ஓட்டை போட்டு ஆரம்பிப்பேன். கட்டி எதோடவும் ஒட்டாம இருந்தா, வயித்துக்குள்ளயே ஒரு பையை விரிச்சு, கட்டியை அதுக்குள்ள வெச்சு, வாயை இறுக்கி வெளிய கொண்டு வருவேன். பை வாய் தோலுக்கு வெளிய வந்தப்புறம்தான் உள்ள இருக்கற தண்ணியை எடுப்பேன். ஒரு சொட்டு கூட உங்க வயித்துல படாது. எங்கயாவது ஒட்டியிருந்து, இழுத்தா கிழிஞ்சிரும்னு தோணுச்சுன்னா ஓட்டையை விட்டுட்டு வயித்தைத் திறந்துருவேன். உங்களை எழுப்பிக் கேட்டுட்டு இருக்க மாட்டேன். உங்களுக்குச் சின்னத் தழும்பு முக்கியமா, உடையாம வர்றது முக்கியமா?"

"ரெண்டும்."

சிரித்துவிட்டார். "எல்லாரும் அதான் கேக்கறாங்க. எது மொதல்ல?"

"உடையாம வர்றது."

"சரி. இன்னொரு கேள்வி. கேன்சர்னு உறுதியானா வழக்கமா இன்னொரு சினைப்பையும் கர்ப்பப்பையும் சேத்து எடுத்துருவோம். ஆனா ஒரு பக்கத்துல மட்டும் இருந்து, உடையாம வந்து, மத்த இடம் சுத்தமா இருந்தா, குழந்தை வேணும்கறவங்களுக்கு அதை விட்டு வைக்கலாம். திரும்ப வர்றதுக்குக் கொஞ்சம் வாய்ப்பு இருக்கு, அதை மறைக்க மாட்டேன். உங்களுக்கு எப்படி?"

"விட்டு வைங்க. கொழந்தைக்காக இல்லீங்க. நல்லா இருக்கறத எதுக்கு எடுக்கணும்னுதான்."

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். எதையோ எழுதிக்கொண்டார். என்ன எழுதினார் என்று நான் எட்டிப் பார்க்கவில்லை.

திரும்பும்போது நான்தான் ஓட்டினேன். கிணத்துக்கடவில் வண்டியை நிறுத்தினேன். அங்கே டீ குடித்தோம். கனகராஜ் என் டீயை ஆற்றித் தந்தார். நான் சூடாகக் குடிப்பவள் என்பது அவருக்குத் தெரியும். என்ன ஞாபகத்தில் ஆற்றினாரோ.

ஜூலை 24, புதன்

வீட்டில் பெரிய சண்டை. ஆடியில் ஆபரேஷன் வேண்டாம், ஆவணி பிறக்கட்டும் என்கிறார் நங்கையா.

"கட்டிக்கு ஆடி ஆவணி தெரியாதுங் நங்கையா."

"செரி, பண்றதே பண்ற, எல்லாத்தையும் சேத்து எடுத்துப்போடச் சொல்லு. அது இருந்து என்ன பண்ணுச்சு இத்தன வருசமா? உசுரு பெருசா, அது பெருசா?"

இந்த வாக்கியத்தைக் கேட்டபோது நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். முழுதும் நறுக்கி முடித்தேன். தாளித்தேன். பிறகு சொன்னேன், "என்ற வவுத்துக்குள்ள எது இருக்கோணும், எது போவோணும்னு நான் சொல்லியாச்சு. நீங்க சாப்புட்டுட்டுப் போங்க."

சாப்பிடாமல் போய்விட்டார். அவர் கெட்டவர் இல்லை. தெரு முனையில் நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்ததை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஆனாலும் கூப்பிடவில்லை.

ஜூலை 30, செவ்வாய்

நிர்மலா டெஸ்டில் பாஸ். ஆர்.டி.ஓ. மைதானத்திலிருந்து மூன்றாவது கியரில் சீறிக்கொண்டு வெளியே வந்தாள். இறங்கி என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். "லைசென்ஸ் வாங்கினதுக்கு ஆராச்சும் அழுவாங்களா" என்று அதட்டினேன். அவள் லைசென்ஸுக்காக அழவில்லை என்பது எனக்குத் தெரியாதா என்ன.

ஜூலை 31, புதன்

சேர்த்துக்கொண்டார்கள். வயிற்றைக் காலி செய்ய ஒரு மருந்து கொடுத்தார்கள். அதைப் பற்றி எழுதப் போவதில்லை.

டாக்டர் மாலையில் வந்தார். அந்தப் பையைப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். யாரும் இப்படிக் கேட்டதில்லை என்று சொல்லிக்கொண்டே ஒருவரை அனுப்பி எடுத்து வரச் சொன்னார். கண்ணாடிபோல மெல்லிசாக, வாயில் ஒரு வளையத்தோடு, பென்சில் கனக் குழலுக்குள் சுருண்டிருந்தது. இழுத்துப் பார்த்தேன். கிழியவில்லை. திருப்தி.

கட்டியை எடுத்ததும் நான் மயக்கத்தில் இருக்கும்போதே பக்கத்து அறைக்கு அனுப்பி, உறைய வைத்துச் சீவி, மைக்ராஸ்கோப்பில் பார்த்துச் சொல்வார்களாம். அதைப் பொறுத்து மீதி. கனகராஜை உட்கார வைத்து ஒவ்வொன்றாகச் சொன்னேன். உடைக்கக் கூடாது. முடியாவிட்டால் வெட்டலாம். இன்னொரு பக்கம் நன்றாக இருந்தால் தொடக் கூடாது.

"புரிஞ்சுதுங்களா?"

"ம்."

இந்த மனிதரை நம்பித்தான் நாளைக்குக் கண்ணை மூடப்போகிறேன்.

ஆகஸ்ட் 1, வியாழன்

பச்சை அங்கி போட்டுவிட்டார்கள். தாலியைக் கழற்றி அவர் கையில் கொடுத்தேன். பயமில்லை. பேனா சரியில்லை, அதனால்தான் எழுத்து இப்படி.

ஆகஸ்ட் 3, சனி

இன்று ஆடிப் பதினெட்டு. நர்ஸ் ஒருத்தி மல்லிகைச் சரத்தில் ஒரு கண்ணி கிள்ளி என் தலைமாட்டில் வைத்துவிட்டுப் போனாள்.

எழுத முடிகிறது. படுத்தபடி எழுதுகிறேன். முதலில் கண் விழித்தபோது என்னைச் சுற்றி எல்லாம் வெள்ளையாக மிதந்தது. கையை மெதுவாக வயிற்றுக்குக் கொண்டுபோனேன். மூன்று சின்ன பிளாஸ்டர் இல்லை. தொப்புளுக்கு மேலிருந்து கீழே வரை நீளமாகக் கட்டு.

கனகராஜ் குனிந்தார். இரண்டு நாள் தாடி.

"வெட்டிட்டாங்க" என்றார்.

நாக்கு மரக்கட்டையாக இருந்தது. "உடைஞ்சுதுங்களா?"

"உடையல."

"நெசமா?"

"உடையல கோகிலா. முழுசா வந்துருச்சு. எங்கிட்டக் காமிச்சாங்க. நானே பாத்தேன்."

அவர் இத்தனை வார்த்தை தொடர்ந்து பேசியது எனக்கு நினைவில்லை. திரும்பத் தூங்கிவிட்டேன்.

டாக்டர் பிறகு வந்து விளக்கினார். ஓட்டை போட்டு உள்ளே பார்த்திருக்கிறார். முன்பக்கம் வழுவழுவென்று இருந்ததாம். பின்பக்கம் குடலோடு ஒட்டியிருந்ததாம். கருவியால் இழுத்தால் கிழியும் என்று கைக்குத் தெரிந்ததாம். "இன்னும் கொஞ்சம் முயற்சி பண்ணலாம்னு எனக்கும் ஆசை இருந்துச்சு. நீங்க எது முதல்லன்னு சொன்னது ஞாபகம் வந்துச்சு. கருவியை வெளிய எடுத்துட்டுக் கத்தியைக் கேட்டேன்." கையை உள்ளே விட்டு, சுற்றி ஈரத்துணி அடைத்து, ஒட்டியிருந்த இடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து, முழுசாக எடுத்திருக்கிறார்.

"தழும்பு பெருசுதான்" என்றார்.

"இருக்கட்டுமுங். நான் அதுல நடக்கப் போறதில்ல."

உறையவைத்துப் பார்த்ததில் கேன்சர்தான். அதையும் மறைக்காமல் சொன்னார். இன்னொரு பக்கத்தை விட்டு வைத்திருக்கிறார். முழு ரிப்போர்ட் வந்த பிறகுதான் எதுவும் உறுதி.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

வாயு பிரிந்தது. குடல் வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது என்று வார்டே கொண்டாடியது. மானம் என்று ஒன்று எனக்கு இருந்ததாக ஞாபகம்.

ஆகஸ்ட் 5, திங்கள்

நங்கையா தூக்குவாளியில் கஞ்சியோடு வந்தார். கனகராஜை டீ குடிக்க அனுப்பிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். முகம் இறுகியிருந்தது. சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நானும் தயாரானேன்.

"அன்னிக்கு ஆபரேசன் ரூமுக்கு வெளிய உன்ற வீட்டுக்காரன் என்ன பண்ணுனான்னு தெரியுமா?"

"என்ன பண்ணுனாருங்?"

"டாக்டரம்மா வெளிய வந்துச்சு. கேன்சர்தானாம், இன்னொரு பக்கம் பாக்கறதுக்கு நல்லாத்தான் இருக்குது, அதை விட்டு வைக்கறதாத்தான் பேச்சு, இருந்தாலும் உங்ககிட்டச் சொல்லோணும்னு வந்தேன்னுச்சு. கேன்சர்னு கேட்டதும் எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. எல்லாத்தையும் எடுத்துப்போடுங்க, எங்களுக்கு அவ உசுரோட இருந்தாப் போதும்னு நான் டாக்டரம்மா கையப் புடிச்சுட்டு அழுதேன். எம்பட கையப் பிரிச்சு எடுத்து உட்டான், கனகு."

நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"'அக்கா, நீ தள்ளி உக்காரு'ன்னான். 'வவுறு அவளோடது. அவ என்ன சொல்லிப்போட்டு உள்ள போனாளோ அதுதான். நான் வேற சொல்ல மாட்டேன், உன்னையும் சொல்ல உட மாட்டேன்'னான். டாக்டரம்மாவப் பாத்து, 'அவ சொன்னபடியே செய்ங்க மேடம், நல்லா இருக்கறதத் தொட வேண்டாம்'னான். நடுங்கிட்டேதான் சொன்னான். ஆனாச் சொன்னான். எம்பட தம்பி, நான் தூக்கி வளத்தவன், எங்கிட்ட இப்பிடிப் பேசுனதே இல்ல."

"உங்களுக்குக் கோவமுங்களா நங்கையா?"

"கோவந்தான்" என்றார். கஞ்சியை ஆற்ற ஆரம்பித்தார். ஆற்றிக்கொண்டே, "எங்கிட்டயே பேசிட்டான்னா இனி ஆருகிட்டயும் பேசுவான்" என்றார்.

கனகராஜ் திரும்பி வந்தார். அவர் என் போர்வையைச் சரிசெய்தார். நன்றாக இருந்த போர்வைதான்.

இன்றைக்கு இதற்கு மேல் எழுதவில்லை. தையல் இழுக்கிறது. கண்ணில் நீர் வருவது அதனால்தான்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

ரிப்போர்ட் வந்துவிட்டது.

கேன்சர், ஆனால் ஆரம்ப நிலை. ஒரு சினைப்பையோடு சரி. உறை எங்கும் கிழியவில்லை. வயிற்றைக் கழுவிய நீரில் கெட்ட செல் இல்லை. சோதனைக்குக் கிள்ளி எடுத்த மற்ற இடங்கள் எல்லாம் சுத்தம். கீமோதெரபி வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்ட வேண்டும்.

"உள்ள உடைஞ்சிருந்தா இதே கட்டிக்கு நான் இன்னிக்கு வேற பேச்சுப் பேசிட்டு இருப்பேன்" என்றார் டாக்டர்.

வெளியே வந்ததும் கனகராஜ் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். ஆட்கள் சுற்றிக்கொண்டு போனார்கள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். தையல் போட்ட வயிற்றோடு படிக்கட்டில் உட்காருவது அறிவில்லாத வேலை. எழுந்திருக்க இரண்டு பேர் கைகொடுக்க வேண்டியதாயிற்று.

ஆகஸ்ட் 28, புதன்

வரதராஜன் சாரைப் பார்க்கப் போனேன். யாரிடமும் சொல்லவில்லை. வரிசையில் உட்கார்ந்து என் முறை வந்ததும் உள்ளே போய் ரிப்போர்ட்டை அவர் முன்னால் வைத்தேன்.

முழுதும் படித்தார். மறுபடி முதல் பக்கத்துக்குப் போனார்.

"பின்னாடி குடல்ல ஒட்டியிருந்துச்சா?"

"ஆமாங் சார். நீங்க ஊசி வெச்சிருந்தீங்கன்னா சிந்தியிருக்கும்."

"சிந்தாமலும் இருந்திருக்கலாம்மா."

"இருந்திருக்கலாமுங். ஆனா நான் பந்தயம் கட்டறதுக்கு எனக்கு இன்னொரு வவுறு இல்ல பாருங்க."

வெளியே அடுத்த நோயாளிக்கு மணி அடிக்கக் கை வைத்தவர் அடிக்கவில்லை. "நான் பண்ணுனதுல ஒண்ணு ரெண்டு இப்படி இருந்திருக்கும்" என்றார். என்னிடம் சொன்னாரா, தனக்குச் சொல்லிக்கொண்டாரா தெரியவில்லை.

"உங்களத் திட்டறதுக்கு வரலீங் சார். அடுத்தவளுக்கு இப்பிடி எழுதி வந்துதுன்னா ஊசிய எடுக்காதீங்க. கோயமுத்தூருக்கு அனுப்பிருங்க. அத நீங்க எங்கிட்டச் சொன்னாத்தான் எந்திரிப்பேன்."

வெளியே கூட்டம். நான் எழவில்லை. கடைசியில், "அனுப்பறேம்மா" என்றார். அவர் சொன்னபடி செய்வாரா என்பது போகப் போகத்தான் தெரியும். நானும் இந்த ஊரில்தான் இருக்கப்போகிறேன்.

செப்டம்பர் 19, வியாழன்

வண்டியில் உட்கார்ந்தேன். முதல் பாடம், ஒரு கல்லூரிப் பெண். பிரேக்கை மிதித்தால் தழும்பு இழுக்கிறது. அவளுக்குத் தெரியாமல் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

நவம்பர் 5, செவ்வாய்

மூன்று மாதச் சோதனை. ஸ்கேன் சுத்தம். ரத்தமும் சுத்தம்.

கிளம்பும் நேரத்தில் கனகராஜ் நாற்காலியை விட்டு எழவில்லை. தொண்டையைச் செருமினார். "மேடம், கொழந்தைக்கு... பாக்கலாமுங்களா?"

நான் ஜன்னலைப் பார்த்தேன். ஜன்னலில் ஒன்றும் இல்லை, பக்கத்துக் கட்டடத்துச் சுவர்.

"ஒரு வருஷம் போகட்டும்" என்றார் டாக்டர். "அதுவரைக்கும் இப்படியே சுத்தமா இருந்தா தடை இல்ல. ஒரு பக்கம்தான் இருக்கு, வயசும் ஆகுது, முன்னாடியே தங்கல. சுலபமா இருக்கும்னு நான் சொல்ல மாட்டேன். இன்னொரு பக்கத்துலயும் பிற்பாடு வரலாம், அதையும் தெரிஞ்சுக்கிட்டுத்தான் நீங்க முடிவெடுக்கணும்." பிறகு என் பக்கம் திரும்பினார். "குழந்தைக்காக இல்லைன்னீங்களே?"

நான் ரிப்போர்ட்டுகளை எடுத்துப் பையில் வைத்தேன். அவரும் வற்புறுத்தவில்லை.

வீட்டுக்கு வந்தால் வாசலில் நங்கையா. பக்கத்து வீட்டு அம்மாவும் கூட நின்றார். ஸ்கேன் சுத்தம் என்றதும் நங்கையா கைகளைத் தலைக்கு மேல் கூப்பினார். அடுத்த மூச்சிலேயே ஆரம்பித்துவிட்டார்.

"அதான் கண்டம் தாண்டியாச்சல்ல அம்மிணி. மிச்சத்தையும் போயி எடுத்துப்போட்டு நிம்மதியா இரு. பயத்தோடவே எத்தன நாளைக்கு? அத வெச்சுக்கிட்டு என்ன பண்ணப் போற?"

கனகராஜ் வாயைத் திறந்தார். எனக்காக அவர் இன்னொரு முறை பேசத் தயாராக இருந்தார். நான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன். இது நான் சொல்ல வேண்டியது.

"எனக்குக் கொழந்த வேணும் நங்கையா."

பக்கத்து வீட்டம்மா தலையைக் குனிந்துகொண்டார். நங்கையா என்னைப் பார்த்தபடியே நின்றார்.

"நாலு வருசமா வேண்டாம்னு சொன்னதெல்லாம் பொய்யுங். வேணும். கெடைக்காமப் போனாலும் வேணும்னு சொல்லிட்டுத்தான் போவேன்."

குரல் கொஞ்சம் அதிகமாகவே வந்துவிட்டது. எதிர் வீட்டு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண் கை அப்படியே நிற்க எட்டிப் பார்த்தாள். பார்க்கட்டும் என்று நானும் அவளை நேராகப் பார்த்தேன்.